வன்னியிலிருந்து லண்டன் போகிறவர்கள் வெஸ்ட் எண்டில் நாடகம் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்திலிருந்து எத்தனையோ தாய் தகப்பன்மார் பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போய் வருகிறார்கள். பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சி, கோயிலுக்குப் போய், நாலு கலியாணவீடு பார்த்து, ஈஸ்ட்ஹாம் கடைத்தெருவில் சாமான் வாங்கி, மாளிகைக்கு முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த வீட்டிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலத் தூரத்தில், உலகத்தின் மிகப் பெரிய நாடக வட்டாரங்களில் ஒன்று ஒவ்வொரு இரவும் திரை தூக்குகிறது. "அது இங்கிலீஷ் நாடகம், எங்களுக்கு விளங்காது" என்ற ஒரு சொல்லில் அது கைவிட்டுப் போகிறது.

எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. கோயில் வீதியில் பாயை விரித்து, விடிய விடியக் கோவலன் கூத்தும் காத்தான் கூத்தும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். காத்தான் கடைசியில் கழுவேறுவான் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துதான் கிழக்கு வெளுக்கும்வரை இருக்கிறோம். இம்முறை அண்ணாவியார் யாருக்கு எந்த வேடம் கொடுத்தார், வரவு எப்படி, ஆட்டம் தளராமல் போகிறதா, பிற்பாட்டு எடுபடுகிறதா என்பதைப் பார்க்கத்தான் போகிறோம். அந்தப் பழக்கத்தை அப்படியே லண்டனுக்கும் கொண்டுபோனால் போதும்.

இடத்தை மனதில் வாங்குங்கள்

வெஸ்ட் எண்ட் ஒரு தனி மண்டபமோ வளாகமோ கிடையாது. லண்டன் நடுவில், நடந்தே சுற்றக்கூடிய சில தெருக்களுக்குள் ஏறத்தாழ 40 அரங்குகள் இருக்கின்றன. சாஃப்ட்ஸ்பரி அவெனியூ, லெஸ்டர் சதுக்கம், செயின்ட் மார்ட்டின்ஸ் லேன், கொவென்ட் கார்டன், ஸ்ட்ராண்ட், ஹேமார்க்கெட் என்ற ஆறு பெயர்களை நினைவில் வைத்தால் வழி தவறாது. லெஸ்டர் சதுக்கத்தின் நடுவில் சேக்ஸ்பியர் சிலை நிற்கிறது, 1874இல் வைத்தது. யாரையாவது தவறவிட்டால் சந்திக்கும் இடமாக அதைச் சொல்லி வையுங்கள்.

இந்த வட்டாரத்தின் மூத்த அரங்கு தியேட்டர் ரோயல் ட்ரூரி லேன். அந்த இடத்தில் 1663இலிருந்து நாடகம் நடக்கிறது. இப்போது நிற்கும் கட்டடம் 1812இல் திறந்தது. ஸ்ட்ராண்டில் உள்ள சவோய் அரங்கு 1881இல் திறந்தபோது, முழுக்க மின்விளக்கில் ஒளியூட்டிய உலகின் முதல் பொதுக் கட்டடம் என்ற பெயரைப் பெற்றது. சாஃப்ட்ஸ்பரி அவெனியூவில் லிரிக், அப்பலோ, கில்குட், சொண்டைம் என்ற நாலு அரங்குகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் லிரிக் மூத்தது, 1888. இந்தக் கட்டடங்களின் வயது, பின்னால் இருக்கை தெரிவு செய்யும்போது உங்கள் முழங்காலோடு சம்பந்தப்படும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1737 முதல் 1968 வரை இங்கே ஒரு நாடகத்தை மேடையேற்றுவதற்கு முன் அதன் பிரதியை அரச மாளிகை அதிகாரி ஒருவரிடம் கொடுத்து அனுமதி வாங்கவேண்டியிருந்தது. 1968இல் வந்த சட்டம்தான் அதை நீக்கியது. இன்று அந்த மேடைகளில் அரசனையும் பிரதமரையும் வைத்து விளாசுவதைப் பார்க்கும்போது, அந்தச் சுதந்திரத்துக்கு எவ்வளவு கொஞ்ச வயது என்பதை நினைத்துப் பாருங்கள்.

முதல் வேலை: கதையைப் படியுங்கள்

நாடகத்தைத் தெரிவு செய்தவுடன் அதன் கதையை முழுதாகத் தமிழில் கேட்டுவிடுங்கள். மகளிடமோ மருமகனிடமோ சொல்லச் சொல்லுங்கள். பேரப்பிள்ளையிடம் கேட்டால் இன்னும் நல்லது. அதுகள் பாத்திரங்களின் பெயரையெல்லாம் சரியாகச் சொல்லும். யார் யாருக்கு என்ன உறவு, யார் எதற்காக யாரைத் தேடுகிறார், எந்த இடத்தில் சாகிறார் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். பாட்டுகள் இருந்தால் இரண்டு மூன்றை முன்கூட்டியே போனில் கேட்டு வையுங்கள். மேடையில் அந்த மெட்டு எழும்போது, வரவுப்பாட்டுக் கேட்டவுடனே வரப்போகிறவர் யாரென்று தெரிவதுபோல நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள்.

இந்த ஒரு வேலையைச் செய்தவருக்கு மொழி பெரிய தடையாக இருக்காது. செய்யாமல் போனவர் இரண்டரை மணித்தியாலமும் பக்கத்து இருக்கையில் "என்ன சொல்லுறான்?" என்று கேட்டபடி இருப்பார். அங்கே அது நடவாது. முன்வரிசை திரும்பிப் பார்க்கும்.

ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்து, பேச்சு வேகத்தைப் பிடிக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பல நாடகங்களுக்கு எழுத்துத்திரையோடு கூடிய காட்சிகள் சில நாட்களில் நடக்கும். செவிப்புலன் குறைந்தவர்களுக்காக வந்த ஏற்பாடு. மேடையோரத்தில் வசனம் எழுத்தாக ஓடும். திகதியை அரங்கின் இணையத்தளத்தில் பார்த்து, திரை நன்றாகத் தெரியும் இருக்கையைக் கேட்டு வாங்கவேண்டும்.

எந்த நாடகம்

முதன்முதல் போகிறவர்களுக்கு என் தெரிவு இசைநாடகம். ஆட்டமும் பாட்டும் உடுப்பும் கதையைத் தாங்கும். லைசியம் அரங்கில் 1999இலிருந்து நடக்கும் லயன் கிங்கை நான் முதலில் சொல்வேன். தொடக்கப் பாட்டில் யானையும் பறவைகளும் சனத்துக்கு நடுவிலுள்ள நடைவழியால் மேடைக்கு வரும். ஆட்கள்தான் அந்த மிருகங்கள். முகத்தை மறைக்காமல், ஆடுகிறவரும் மிருகமும் ஒன்றாகத் தெரியும்படி ஆட்டுவிக்கிறார்கள். சபையை ஊடறுத்து வரும் வேடத்தை நாங்கள் வீதியில் இருந்து பார்த்திருக்கிறோம். அந்த ஒரு காட்சிக்காகவே கீழ்த்தளத்தில் நடைவழி ஓரத்து இருக்கை கேட்டு வாங்கலாம்.

லே மிசராப்ள என்ற இசைநாடகம் லண்டனில் 1985இல் தொடங்கியது. இப்போது சொண்டைம் அரங்கில் நடக்கிறது. அதில் தனி வசனம் அநேகமாக இல்லை, எல்லாம் பாட்டு. கூத்துக் கேட்டுப் பழகிய காதுக்கு அது புதிதாக இருக்காது. ஒரு பாண் திருடியதற்காகச் சிறை போனவனின் கதை, ஏழைகளின் கதை, கிளர்ச்சியின் கதை. எங்கள் சனத்தை உலுக்கும். அதனாலேயே அதைப் பற்றி அடுத்த பகுதியையும் வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

மௌஸ்ட்ராப் என்ற துப்பறியும் நாடகத்தையும் பலர் சொல்வார்கள். 1952 நவம்பர் 25இல் லண்டனில் தொடங்கி, 1974இல் செயின்ட் மார்ட்டின்ஸ் அரங்குக்கு மாறி, 2020இல் கொரோனாவுக்காக நிறுத்தும்வரை ஓடி, 2021 மே மாதம் மறுபடி தொடங்கியது. உலகத்தில் இவ்வளவு நீண்ட காலம் ஓடிய நாடகம் வேறில்லை. இன்றைக்கு எத்தனையாவது காட்சி என்பதை அரங்கின் வாசல்கூடத்தில் மரப்பலகையில் போட்டிருப்பார்கள். ஆனால் கொலைகாரன் யாரென்பதை வெளியே சொல்லவேண்டாம் என்று சபையிடம் கேட்டுக்கொள்ளும் நாடகம் அது. கதை தெரிந்து போனால் சுவை கெட்டுவிடும். தெரியாமல் போனால் முழுக்க ஆங்கிலப் பேச்சைப் பின்தொடரவேண்டும். ஆங்கிலம் சரளமாகக் கேட்கக்கூடியவர்கள் மட்டும் அதற்குப் போங்கள்.

கூத்தில் உயிரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், 1997இல் திறந்த குளோப் என்ற வட்ட அரங்கு இருக்கிறது. வெஸ்ட் எண்டில் சேர்ந்ததல்ல. சேக்ஸ்பியர் காலத்து அமைப்பில் மீளக் கட்டியது. நடுமுற்றத்துக்குக் கூரை இல்லை. அங்கே நின்றுகொண்டு பார்ப்பதற்கு மிகக் குறைந்த விலையில் ரிக்கற் உண்டு. நடிகர்கள் சனத்தின் முகத்தைப் பார்த்து, சனத்தோடு கதைத்து நடிப்பார்கள். கோடையில் போகிறவர்கள், கால் பலமுள்ளவர்கள், தவறவிடாதீர்கள்.

வெடிச்சத்தம், புகை, இருட்டு

வன்னியில் இருந்தவர்களுக்காக இதைத் தனியே எழுதுகிறேன். வேறெந்த வழிகாட்டியிலும் இது இரண்டு வரியோடு போய்விடும்.

மேடையில் துவக்குச் சத்தம், குண்டுச் சத்தம், திடீர் இருட்டு, மின்னல்போல் வெட்டும் வெளிச்சம், புகை எல்லாம் வரும். லே மிசராப்ளவில் தடுப்பரணில் சண்டை நடக்கும், துவக்குகள் வெடிக்கும், இளம்பிள்ளைகள் ஒவ்வொருவராக விழுவார்கள். 2009ஐக் கடந்து வந்தவர்களில் சிலருக்கு அது நாடகமாகத் தெரியாது. உடம்பு தன்பாட்டில் பதறும். அது பலவீனம் இல்லை, வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் தெரியாமல் போய் மாட்டிக்கொள்ள விடக்கூடாது.

செய்யவேண்டியது இதுதான். ரிக்கற் வாங்குவதற்கு முன் அந்த நாடகத்தின் இணையப் பக்கத்தில் எச்சரிக்கைக் குறிப்பைப் பாருங்கள். துவக்குச் சத்தம், வெட்டும் வெளிச்சம், புகை, மரணக் காட்சி ஆகியவற்றை அங்கே எழுதியிருப்பார்கள். அரங்கின் வாசலிலும் ஒட்டியிருக்கும். சந்தேகமாக இருந்தால் பிள்ளைகள் அரங்குக்குத் தொலைபேசி எடுத்து எந்தப் பகுதியில், எந்த நேரத்தில் வெடிச்சத்தம் வரும் என்று கேட்கலாம், சொல்வார்கள். போவதென்று முடிவெடுத்தால் வரிசையின் ஓரத்து இருக்கை வாங்குங்கள். அந்தக் கட்டம் வருவதற்கு முன் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டால் போதுமானவர்கள் இருக்கிறார்கள். எழுந்து வெளியே போய் நிற்க விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். எழுந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், வாசலில் நிற்கும் பணியாளர் உதவுவார். சில நாடகங்கள் ஒலியையும் வெளிச்சத்தையும் தணித்து, சபையில் எழுந்து நடமாட இடம்விட்டு, "ரிலாக்ஸ்ட்" காட்சி என்று நடத்துகின்றன. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அப்படிக் காட்சியைத் தேடிக் கொடுப்பது பிள்ளைகளின் பொறுப்பு.

செயற்கைக் கால் போட்டவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், நீண்ட நேரம் ஒரே நிலையில் இருக்க முடியாதவர்கள் சாதாரண முறையில் ரிக்கற் வாங்கவேண்டாம். அரங்குகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனிப் பதிவு உண்டு. விலை குறையும், கூட வருகிறவருக்கும் சலுகை கிடைப்பதுண்டு, படி இல்லாத வழியால் கூட்டிப்போவார்கள். நேரடியாக அந்த அரங்கோடு கதைத்துத்தான் இதை எடுக்கவேண்டும்.

இருக்கை

நிலத்தளத்தை ஸ்டால்ஸ் என்பார்கள். அதற்கு மேலே ட்ரெஸ் சேர்க்கிள் அல்லது ரோயல் சேர்க்கிள். அதற்கும் மேலே அப்பர் சேர்க்கிள் அல்லது கிராண்ட் சேர்க்கிள். சில அரங்குகளில் உச்சியில் பால்கனி. மேலே போகப் போக விலை இறங்கும், படி செங்குத்தாகும், முன்னிருக்கைக்கும் முழங்காலுக்கும் இடைவெளி குறையும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் பலவற்றில் மேல்தளத்துக்கு லிஃப்ட் இல்லை. அறுபதைத் தாண்டியவர்களை உச்சிக்கு ஏற்றாதீர்கள். கீழே பார்த்தால் தலைசுற்றும்.

ஆட்டத்தின் கோலம் தெரியவேண்டும் என்றால் ட்ரெஸ் சேர்க்கிளின் முதல் சில வரிசைகள்தான் சிறந்தவை. முகபாவம் வேண்டும் என்றால் ஸ்டால்ஸில் நடுப்பகுதி. மேற்தளம் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பின்வரிசைகளில் மேடையின் மேல்பாதி மறைவதுண்டு. "ரிஸ்ட்ரிக்டட் வியூ" என்று போட்டிருந்தால் தூணோ கம்பியோ மறைக்கும் என்று பொருள். இரண்டு நாடகத்துக்கு மலிவான இருக்கை வாங்குவதைவிட ஒன்றுக்கு நல்ல இருக்கை வாங்குங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

ரிக்கற்

மலிவான இருக்கை 20, 30 பவுணிலும் கிடைக்கும். பேர்பெற்ற நாடகத்தின் நல்ல இருக்கை 100ஐத் தாண்டும். எங்கள் காசுக்கு மாற்றிப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும், அதனால் வழி பார்த்து வாங்கவேண்டும்.

முதல் வழி, அரங்கின் சொந்த இணையத்தளம் அல்லது வாசலிலுள்ள ரிக்கற் கவுண்டர். இரண்டாவது வழி, லெஸ்டர் சதுக்கத்தில் உள்ள டிகேடிஎஸ் கூடம். லண்டன் அரங்குகளின் சங்கம் 1980இலிருந்து அதை நடத்துகிறது. அன்றைய காட்சிகளுக்கும் அடுத்தடுத்த நாட்களுக்கும் விலை குறைத்து விற்பார்கள். சதுக்கத்தின் நடுவிலுள்ள தோட்டத்தின் தென்புறத்தில், மணிக்கூடு உள்ள தனிக் கட்டடம் அதுதான். சதுக்கத்தைச் சுற்றி "பாதி விலை" என்று எழுதிய வேறு கடைகளும் இருக்கும். அவற்றை விட்டு விலகுங்கள். தெருவில் வந்து கையில் ரிக்கற் காட்டுகிறவரிடம் ஒருபோதும் வாங்கவேண்டாம்.

மூன்றாவது வழி, சில நாடகங்கள் அன்றன்று காலையில் போன் செயலி மூலம் குறைந்த விலையில் விடும் இருக்கைகள். பேரப்பிள்ளைகளின் விரல் வேகம் இங்கே உதவும். ஆவணியை ஒட்டிப் போகிறவர்கள் பாடசாலை விடுமுறையில் வரும் கிட்ஸ் வீக்கை விசாரியுங்கள். முழு விலை கொடுக்கும் ஒரு பெரியவரோடு 17 வயது வரையான ஒரு பிள்ளை இலவசமாகப் போகலாம். அம்மம்மா ரிக்கற் வாங்கினால் பேரனுக்குக் காசில்லை. கைக்குழந்தையையும் மிகச் சிறிய பிள்ளைகளையும் பல நாடகங்களில் உள்ளே விடமாட்டார்கள், வயதெல்லை பார்க்கவும்.

அதிகமான நாடகங்கள் வாரத்துக்கு எட்டுக் காட்சி. இரவுக் காட்சி ஏழு அல்லது ஏழரைக்கு. பகற்காட்சி வாரநாள் ஒன்றிலும் சனிக்கிழமையிலும் இரண்டரை மணியளவில். முதியவர்களுக்குப் பகற்காட்சியே நல்லது, மாரியில் கட்டாயமாக. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், குளிர் எலும்பைத் தொடும்.

போகும் வழி

ஹரோ அண்ட் வீல்ட்ஸ்டன், வெம்பிளி சென்ட்ரல் பக்கத்தில் இருப்பவர்கள் ரியூப் என்ற நிலத்தடி ரெயிலின் பேக்கர்லூ லைனில் ஏறினால் மாறாமலே பிக்கடிலி சேர்க்கஸ் போகலாம். ஈஸ்ட்ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் எம்பாங்க்மென்ட் வந்து, நோர்தேர்ன் லைனுக்கு மாறினால் இரண்டாவது நிலையம் லெஸ்டர் சதுக்கம். டூட்டிங்காரர் நோர்தேர்ன் லைனில் ஏறி, பேங்க் வழியாகப் போகும் ரெயின் என்றால் கெனிங்டனில் மாறவேண்டும். இல்ஃபோர்ட், சவுத்ஹோல் ஆட்களுக்கு எலிசபெத் லைன் நேரே டொட்டன்ஹாம் கோர்ட் ரோட் வரும். அந்த நிலையத்தில் லிஃப்ட் உண்டு, படி ஏறமுடியாதவர்களுக்கு அதுவே வசதி. சக்கர நாற்காலி என்றால் பஸ். லண்டன் பஸ்களில் சாய்தளம் இருக்கும்.

கொவென்ட் கார்டன் நிலையத்தில் லிஃப்டுக்குச் சனம் நெரியும். பொறுமையிழந்து படியில் ஏறத் தொடங்காதீர்கள், 193 படி. லெஸ்டர் சதுக்கத்தில் இறங்கி நடந்துவிடலாம். இரண்டு நிலையங்களுக்கும் இடையே கால் கிலோமீற்றர் சொச்சம்தான். பயணத்துக்கு ஒஸ்டர் அட்டையோ வங்கி அட்டையோ ஆளுக்கு ஒன்று வேண்டும். இலங்கை வங்கி அட்டைக்கு ஒவ்வொரு தட்டுக்கும் மாற்றுக் கட்டணம் வரலாம், ஒஸ்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணித்தியாலம் முன்னதாகப் போனால் கொவென்ட் கார்டனில் சந்தை முற்றத்தில் வித்தைக்காரர்களைப் பார்க்கலாம். அங்குள்ள செயின்ட் போல்ஸ் தேவாலயத்தை நடிகர்களின் தேவாலயம் என்று சொல்வார்கள்; உள்ளே சுவர் முழுக்க மறைந்த கலைஞர்களின் பெயர்ப்பலகைகள். ஆட்டக்காரரை இப்படி நினைவில் வைக்கிற ஒரு சுவர் எங்கள் ஊரிலும் இருக்கவேண்டும் என்று அங்கே நின்றபோது எனக்கு ஆசையாக இருந்தது.

உள்ளே

எங்கள் கூத்து ஒன்பதுக்கு என்றால் பத்தரைக்கு மத்தளம் கேட்கும். அங்கே குறித்த நேரத்தில் விளக்கு அணையும். பிந்தினால் பொருத்தமான இடைவெளி வரும்வரை வெளியே நிற்கவேண்டும். அரை மணி முன்னதாக வாசலில் நில்லுங்கள். பையைத் திறந்து பார்ப்பார்கள். எல்லோருக்கும் செய்வதுதான், பதற வேண்டாம். பெரிய பை கொண்டுபோகாதீர்கள். உடுப்புக்குக் கட்டுப்பாடு இல்லை. சேலையோ வேட்டியோ உங்களுக்கு வசதியானதை உடுத்துங்கள், மேலே கழற்றக்கூடிய ஜக்கற் ஒன்று இருக்கட்டும். போனை முழுதாக நிறுத்தவேண்டும். படம் எடுக்கக்கூடாது.

நிகழ்ச்சிப் புத்தகம் இலவசமில்லை, ஆனால் ஒன்று வாங்குங்கள். மேடை அமைப்பு, உடுப்பு, ஒளி செய்தவர்களின் விபரமும் நல்ல படங்களும் இருக்கும். ஊரில் கூத்துப் பழக்குகிறவருக்கோ நாடகம் படிப்பிக்கும் ஆசிரியருக்கோ சொக்கலேற்றைவிட அது பெறுமதியான பரிசு.

இடைவேளை இருபது நிமிடமளவில். பெண்கள் கழிப்பறைக்கு நீண்ட வரிசை வரும், வெளிச்சம் வந்தவுடனே எழும்புங்கள். இருக்கைக்குத் திரும்பியதும் மேடையைப் பாருங்கள். தீத்தடுப்புத் திரையைச் சபைக்கு முன்னால் இறக்கிக் காட்டுவார்கள். மேடையில் தீப்பிடித்தால் சனத்தின் பக்கம் வராமல் தடுப்பதற்கு. இப்படியொரு இரும்புத் திரையை முதலில் போட்டது ட்ரூரி லேன் அரங்கு, 1794இல். போட்டும் 1809இல் அந்தக் கட்டடம் எரிந்தே போனது. மெழுகுதிரியும் எண்ணெய் விளக்கும் எரிந்த காலத்து அரங்குகள் திரும்பத் திரும்பத் தீக்கிரையானதால்தான் இந்த ஒழுங்கெல்லாம் வந்தது.

கைதட்டுவது ஒவ்வொரு பாட்டு முடிவிலும், கடைசியில் எல்லோரும் வந்து வணங்கும்போதும். பிடித்திருந்தால் எழுந்து நின்று தட்டுங்கள்.

திரும்பும்போது

பகற்காட்சி ஐந்து மணியளவில் முடியும். வாரநாள் என்றால் அது ரியூபில் வேலைக்காரர் நெருக்கியடிக்கும் நேரம், கட்டணமும் கூட. பக்கத்திலுள்ள சைனாடவுனில் ஏதாவது சாப்பிட்டு ஏழு மணிக்குப் பிறகு ஏறுங்கள். அந்த நேரத்தில் சாஃப்ட்ஸ்பரி அவெனியூ விளக்குகளும் எரியத் தொடங்கும். முதியவர்களுக்கு இரவுக் காட்சி இல்லாமலே அந்த வெளிச்சம் கிடைக்கும்.

இரவுக் காட்சி பத்து மணியளவில் விடும். ரியூப் நள்ளிரவுவரை ஓடும். வெள்ளி, சனி இரவுகளில் பிக்கடிலி, நோர்தேர்ன், சென்ட்ரல், ஜூபிலி, விக்டோரியா லைன்கள் விடிய விடிய ஓடும். பேக்கர்லூவும் டிஸ்ட்ரிக்டும் அப்படி ஓடாது. ஈஸ்ட்ஹாம், வெம்பிளி ஆட்கள் நாடகம் முடிந்தபின் நடிகர்களைப் பார்க்கப் பின்கதவடியில் நிற்பதென்றால் கடைசி ரெயின் நேரத்தை முன்பே எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்.